பேஜ் வைரசு பற்றீரியாவை எப்படி உடைக்கிறது, எப்போது உடைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வைரசுப் பாடம் வரும்போது கரும்பலகையில் கடைசியாக எழுதும் வரி ஆண்டுதோறும் ஒன்றுதான்: “ஈற்றில் விருந்துவழங்கிக் கலம் உடைந்து புதிய வைரசுகள் வெளியேறும்.” பெரும்பாலான பிள்ளைகள் அதை எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் மணியடித்த பிறகு மேசையடிக்கு வந்து அந்த வரியைப் பற்றியே கேட்பார்கள். அவர்களுடைய கேள்விகளையும், அயலவர்கள் கேட்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பற்றீரியாவை வெட்டுகிற கத்தியோடு ஒரு மணிக்கூட்டையும் அந்த வைரசு கொண்டுவருகிறது. எனக்கு அந்த மணிக்கூடுதான் பெரிய அதிசயம், அதனால் அதைப் பற்றிய விடைகள் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பற்றீரியாவுக்கும் வைரசுத் தொற்று வருமா?

வரும். பற்றீரியாவை மட்டும் தாக்கும் வைரசுகள் உண்டு. அவற்றுக்குப் பற்றீரியாவிழுங்கி என்று பெயர், சுருக்கமாகப் பேஜ். இலண்டனில் பிரெடரிக் ருவோர்ட் 1915இலும், பாரிசில் பாஸ்ரர் நிறுவகத்தில் பெலிக்ஸ் டெரெல் 1917இலும் தனித்தனியே கண்டறிந்தார்கள். பெயர் வைத்தவர் டெரெல். கிரேக்கத்தில் தின்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தார். உண்மையில் பேஜ் எதையும் தின்பதில்லை. தன் மரபணுப் பொருளை உள்ளே செலுத்தி, பற்றீரியாவின் உறுப்புகளைக் கொண்டே தன் பிரதிகளைச் செய்விக்கிறது.

எங்கே இருக்கின்றன என்று கேட்டால், பற்றீரியா இருக்கும் இடமெல்லாம். கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1 கோடி வைரசுகள் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை பேஜ்கள். காங்கேசன்துறையில் கடலில் மூழ்கி எழும்போது தவறி உள்ளே போகிற ஒரு மிடறு தண்ணீரிலேயே கோடிக்கணக்கில் போகும்.

உள்ளே பிரதிகள் நிறைந்து, இடம் போதாமல் தானாக வெடிக்கிறதுதானே மிஸ்?

எல்லாரும் முதலில் நினைப்பது இதுதான். பலூனுக்குள் காற்று ஊதிக்கொண்டே போனால் வெடிக்கும், அதுபோல என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவின் கலம் ஒன்றின் கனவளவு ஏறத்தாழ ஒரு கன மைக்ரோமீற்றர். அதைத் தாக்கும் ரி4 என்ற பேஜின் தலை கிட்டத்தட்ட 120 நானோமீற்றர் நீளம், 86 நானோமீற்றர் அகலம். அப்படி 200 தலைகளை உள்ளே அடுக்கினாலும் கலத்தின் பத்திலொரு பங்குதான் நிரம்பும்.

இன்னொரு சான்று இதைவிட வலுவானது. உடைக்கும் புரதத்துக்கான பரம்பரையலகு பழுதான ரி4 பேஜ்கள் உண்டு. அவை தொற்றிய கலம் வழக்கமான நேரம் தாண்டியும் உடையாது. உள்ளே பேஜ்கள் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும், கலம் அப்படியே நிற்கும். ஆகவே நெரிசலால் வெடிப்பதில்லை. வைரசுதான் உடைக்கிறது, அதற்கென்று வைத்திருக்கும் கருவிகளால்.

சரி, உடைப்பதற்கு அங்கே அப்படி என்ன கடினமான சுவர்?

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரியூப், வெளியே ரயர். ரியூப் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆனால் அது மெல்லியது. அழுத்தத்தைத் தாங்குவது ரயர். ரயரில் ஒரு வெடிப்பு விழுந்தால் ரியூப் அந்த வழியால் புடைத்துக்கொண்டு வந்து படாரென்று போய்விடும்.

பற்றீரியாவிலும் அதே ஏற்பாடுதான். ரியூப் என்பது முதலுருமென்சவ்வு. ரயர் என்பது பெப்ரிடோகிளைக்கனால் பின்னிய கலச்சுவர், வெல்லச் சங்கிலிகளைக் குட்டிப் பெப்ரைட்டுகளால் குறுக்கே கட்டிய வலை. உள்ளே கரைபொருள் செறிவு அதிகம் என்பதால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அழுத்தம் எப்போதும் வெளியை நோக்கித் தள்ளும். ஸ்ரபிலோகொக்கசு போன்ற கிராம் நேர் பற்றீரியாவில் இந்த அழுத்தம் 20 வளிமண்டலம் வரை போகலாம். ஈ.கோலை போன்ற கிராம் எதிர் வகையில் அழுத்தம் குறைவு, சுவரும் மெல்லியது. ஆனால் அந்தச் சுவருக்கு மேல் இன்னொரு வெளிமென்சவ்வும் இருக்கிறது, ரயருக்கு மேல் உறை ஒன்று இழுத்துக் கட்டியதுபோல.

இப்போது பேஜின் நிலையில் இருந்து யோசியுங்கள். அது செய்கிற புரதங்கள் எல்லாம் ரியூப்புக்குள்ளே உருவாகின்றன. வெட்ட வேண்டிய ரயரோ ரியூப்புக்கு வெளியே. கத்தி கையில் இருந்தும் கதவு பூட்டு.

அந்தக் கதவை எப்படித் திறக்கிறது?

மிக நன்றாக ஆராயப்பட்டது ஈ.கோலையைத் தாக்கும் லம்டா பேஜ். 1950களின் தொடக்கத்தில் எஸ்தர் லெடர்பேர்க் கண்டறிந்தது. உடைக்கும் வேலையை அது மூன்று படியாகச் செய்கிறது, படிக்கு ஒரு மென்சவ்வோ சுவரோ.

எண்டோலைசின் என்ற நொதியம்தான் கத்தி. கலத்துக்குள்ளே மடிந்து, முழுத் திறனோடு சேர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் மென்சவ்வைத் தாண்ட முடியாது. அதற்கு வழி திறப்பது ஹோலின் என்ற சின்னஞ்சிறு புரதம். ஹோலின்கள் மென்சவ்வுக்குள் செருகிக்கொண்டு அங்குமிங்கும் மிதந்தபடி இருக்கும். குறித்த நேரம் வந்ததும் கூட்டமாகத் திரண்டு மென்சவ்வில் துளை போடும். துளை என்றால் ஊசித்துளை அல்ல. உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சராசரி 340 நானோமீற்றர் அகலம் இருந்தது, சில துளைகள் ஒரு மைக்ரோமீற்றரையே எட்டின. கலத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் வீட்டுச் சுவரில் வாசல் வெட்டியது மாதிரி. நொதியம் அதன் வழியே கொட்டி, சில நொடிகளில் சுவர் வலையை அறுத்துவிடும்.

மிச்சம் வெளிமென்சவ்வு. சுவர் போனால் அழுத்தமே அதைக் கிழித்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் ஸ்பனின் என்ற மூன்றாவது புரதத்தை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, கலம் உருண்டையாகி, வெளிமென்சவ்வுக்குள்ளேயே பேஜ்கள் சிறைப்பட்டு நின்றன. ஸ்பனினின் ஒரு பாதி உள்மென்சவ்விலும் மறுபாதி வெளிமென்சவ்விலும் நங்கூரமிட்டிருக்கும். நடுவில் சுவர் இருக்கும்வரை அவற்றால் அசைய முடியாது. சுவர் அறுந்ததும் இரண்டு மென்சவ்வுகளையும் இழுத்து ஒன்றாக்கிவிடும், அந்த இடத்தில் வழி திறக்கும். டெக்சாசு ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரை யங்கும் அவருடன் இருந்தவர்களும் பல ஆண்டுகள் இருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

இன்னொன்று, ஸ்பனினின் இரண்டு பாதிகளில் ஒன்றுக்கான பரம்பரையலகு முழுவதும் மற்றதன் உள்ளேயே இருக்கிறது. அதே எழுத்து வரிசையை ஓர் எழுத்துத் தள்ளி வாசித்தால் வேறு புரதம் வரும். தமிழில் ஒரு செய்யுளை வேறு இடத்தில் பிரித்து வாசித்து வேறு பொருள் எடுப்பதை நாங்கள் அறிவோம் அல்லவா, அதுபோல.

எப்போது உடைப்பது என்று யார் சொல்கிறார்கள்? வைரசுக்கு மூளை இல்லையே.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

ஹோலின்தான் அந்த மணிக்கூடு. கலத்துக்குள் உறங்கிக் கிடக்கும் லம்டா பேஜைத் தூண்டி விழிக்கவைத்ததிலிருந்து ஏறத்தாழ 50 நிமிடத்தில் கலங்கள் உடையத் தொடங்கும். அந்த 50 நிமிடத்தில் ஹோலின் மென்சவ்வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அப்படியானால் மென்சவ்வும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கலம் மெல்ல மெல்லச் சோர வேண்டும் என்றுதான் நாங்கள் எதிர்பார்ப்போம். நடப்பது அதுவல்ல. கடைசிக் கணம் வரை மென்சவ்வில் ஒரு கசிவும் இல்லை. கலம் சுவாசிக்கிறது, புரதம் செய்கிறது, தன் மின்னழுத்த வேறுபாட்டைக் குறையாமல் வைத்திருக்கிறது. பிறகு ஒரே கணத்தில் எல்லாம் முடிந்துவிடும். பேஜின் நோக்கில் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. கலம் சோர்ந்து போனால் கடைசி நிமிடங்களின் உற்பத்தி கெட்டுப்போகும். ஆலையை நிறுத்தும் நேரம் வரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும்.

இதை ஒரு எளிய சோதனையால் காட்டலாம். தூண்டிச் சில நேரம் கழித்து, ஆனால் 50 நிமிடத்துக்கு முன்பே, சயனைட்டைச் சேர்த்தால் கலத்தின் மென்சவ்வு தன் சக்தியூட்டிய நிலையை இழக்கும். உடனே ஹோலின்கள் திரண்டு துளை போட்டு, கலம் நேரத்துக்கு முன்பே உடைந்துவிடும். மென்சவ்வு உயிர்ப்போடு இருக்கும்வரை காத்திருப்பது, அது தளர்ந்தால் தாமதிக்காமல் வெளியேறுவது என்ற ஏற்பாடு அந்தச் சிறு புரதத்திலேயே எழுதியிருக்கிறது. மூளை தேவைப்படவில்லை.

மணிக்கூட்டை எப்படித் திருத்துகிறது என்பது இன்னும் அழகு. லம்டாவின் எஸ் என்ற பரம்பரையலகு ஒன்றிலிருந்தே இரண்டு புரதம் வருகின்றன. ஒன்றில் 105 அமினோ அமிலம், மற்றதில் 107. முன்பக்கத்தில் மெதியோனின், லைசின் என்று இரண்டே இரண்டு கூடுதல். 105 துளை போடுகிற ஹோலின். 107 அதைத் தடுத்து வைக்கும் கடிவாளம். லைசினின் நேர் ஏற்றம்தான் காரணம், அந்த ஏற்றத்தால் புரதத்தின் நுனி சக்தியூட்டிய மென்சவ்வைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. மென்சவ்வு தளர்ந்ததும் கடிவாளமும் ஹோலினாக மாறிச் சேர்ந்துகொள்ளும். அதோடு, 105இன் வரிசையில் 52ஆம் இடத்தில் இருக்கிற அலனினுக்குப் பதில் கிளைசினை வைத்தால் கலம் மிக முன்கூட்டியே உடையும். அதே இடத்தில் வலினை வைத்தால் துளையே விழாது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் மணிக்கூடு முந்தும், அல்லது நின்றுவிடும்.

சீக்கிரம் உடைத்தால் நல்லதா, காத்திருந்தால் நல்லதா?

டோர்மன் என்ற ஆய்வாளர் 1952இல் வெளியிட்ட வேலை இதற்கு அடிப்படை. ரி4 தொற்றிய கலங்களை வெவ்வேறு நேரத்தில் செயற்கையாக உடைத்து உள்ளே எண்ணிப் பார்த்தார். முதல் 12 நிமிடமளவில் உள்ளே ஒரு முழுப் பேஜும் இல்லை. உறுப்புகள் மட்டும் தயாராகிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு நிமிடம் சீராக ஏறுகிறது. ஆகவே 12 நிமிடத்துக்குள் உடைத்தால் கையில் ஒன்றும் இருக்காது.

அதற்குப் பிறகு? வெளியே பற்றீரியா நிறைய இருந்தால் சீக்கிரம் வெளியேறுவது இலாபம். 50 பேஜ் வெளியே போய் 50 புதிய கலங்களைப் பிடித்தால், ஒவ்வொன்றும் இன்னொரு 50 தரும். உள்ளே இருந்து கூட்டிக்கொண்டிருந்தால் வட்டிக்கு வட்டி கிடைக்காது. வெளியே பற்றீரியா அரிதாக இருந்தால், கையில் உள்ள ஒரே கலத்திலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுப்பதே புத்தி. எலிசும் டெல்புரூக்கும் 1939இல் முதன்முறையாக ஒரே சுற்றை அளந்தபோது, 37 பாகையில் அரை மணி நேரமளவில், கலத்துக்குச் சராசரி 60 அளவில் பேஜ்கள் வெளிவந்தன. இந்த எண் பேஜுக்குப் பேஜ் பெரிதும் வேறுபடும்.

வெளியே பற்றீரியா இருக்கிறதா இல்லையா என்பது உள்ளே இருக்கிற பேஜுக்கு எப்படித் தெரியும்?

ரி4க்குத் தெரியும். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மரவள்ளிக்கு விலை விழுந்தால் கிழங்கைக் கிளப்பமாட்டார். சந்தையில் குவிந்து கிடக்கிற நேரத்தில் கொண்டுபோய் என்ன செய்ய, நிலத்திலேயே நிற்கட்டும், இன்னும் பருக்கும் என்பார். ரி4 செய்வதும் இதுதான்.

வழக்கமாக 25 நிமிடத்தில் உடைக்க வேண்டிய கலத்தை, வெளியிலிருந்து இன்னொரு ரி4 வந்து தொற்ற முயன்றால் உடைக்காமல் நிறுத்தி வைக்கும். வெளியே பேஜ் அலைந்து திரிகிறது என்றால் பிடிக்கக் கலம் கிடைக்கவில்லை என்றுதானே பொருள். அந்தச் செய்தி கிடைத்ததும் ஆர்.ஐ என்ற புரதம் ஹோலினைப் பிடித்துக்கொள்ளும், மணிக்கூடு நிற்கும். மணிக்கணக்கில்கூட நிற்கும். உள்ளே எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தடை பழுதான பேஜ்களை ஹேர்ஷி 1946இல் விவரித்தார். பற்றீரியா படர்ந்து வளர்ந்த அகர்த் தட்டில் பேஜ் உடைத்த இடங்கள் வெறுமையான வட்டங்களாகத் தெரியும். மற்றப் பேஜ்களின் வட்டங்கள் சிறிதாக, ஓரம் மங்கித் தெரிய, இவற்றினுடையவை பெரிதாக, ஓரம் வெட்டியெடுத்ததுபோலத் தெளிவாகத் தெரியும். சீமோர் பென்சர் 1955இலிருந்து ஒரு பரம்பரையலகின் உள் அமைப்பையே அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கியது இந்தப் பேஜ்களை வைத்துத்தான். பேஜ் ஆய்வுக்காக டெல்புரூக், ஹேர்ஷி, லூரியா என்ற மூவருக்கும் 1969இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாப் பேஜிலும் இதே மூன்று கருவிகளா?

இல்லை. சிறிய பேஜ்களுக்கு இவ்வளவு கருவி வைக்க இடமே இல்லை. பை-எக்ஸ் 174 என்ற பேஜின் முழு மரபணுவும் 5386 எழுத்துத்தான். அதனிடம் சுவரை வெட்டும் நொதியம் கிடையாது. 91 அமினோ அமிலம் உள்ள ஒரே ஒரு புரதம், அவ்வளவுதான்.

அது வெட்டுவதில்லை, சுவர் கட்டும் வேலையை நிறுத்துகிறது. பற்றீரியா வளர்ந்துகொண்டே இருப்பதால் சுவரைத் தொடர்ந்து கட்டவேண்டும். சீமெந்து வராமல் நிறுத்திவிட்டால் கட்டிடம் தொடர முடியாது. கலம் நீண்டு, பிரியப்போகும் நடுப்பகுதியில் சுவர் பலவீனப்பட்டு, அழுத்தம் தாங்காமல் அங்கே வெடிக்கும். பெனிசிலினும் சுவர் கட்டும் வேலையைத்தான் குழப்புகிறது, ஆனால் வேறு படியில். கியூ பீற்றா என்ற ஆர்.என்.ஏ பேஜ் இதே பாதையின் முதல் படியிலேயே கைவைக்கிறது. எம் என்ற இன்னொரு பேஜோ, கட்டுமானப் பொருளை மென்சவ்வுக்கு வெளியே கொண்டுபோகும் புரதத்தை அடைக்கிறது, அதுவும் வெறும் 37 அமினோ அமிலமுள்ள புரதத்தால். புதிய நுண்ணுயிர்க்கொல்லி தேடுகிறவர்களுக்கு, எந்தப் படியில் அடித்தால் பற்றீரியா விழும் என்பதை இந்தச் சிறு பேஜ்கள் காட்டித் தருகின்றன.

குறை ஒன்று உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் கலத்தைத்தான் இவற்றால் உடைக்க முடியும்.

உடையும்போது கண்ணுக்குத் தெரியுமா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா மிஸ்?

பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், கழிவு வாய்க்கால் தண்ணீரை வடித்து அதிலிருந்து பேஜ் எடுத்தோம். ஈ.கோலை வளர்ந்த குடுவை சோறு வடித்த கஞ்சித்தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இருந்தது, பின்னால் பிடித்த விரல் தெரியவில்லை. பேஜைச் சேர்த்துக் குலுக்கியில் வைத்தோம். நெடுநேரம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் நுரை கூடியிருந்தது. கலங்கல் நீர் சாம்பல் நிறமாகி, அதில் மெல்லிய நூல்கள் மாதிரிச் சுழன்றுகொண்டிருந்தன. அடுத்த பத்து நிமிடத்துக்குள் நீர் தெளிந்துவிட்டது, மறுபக்கம் என் கைரேகை தெரிந்தது. அந்த நூல்கள் உடைந்த கலங்களிலிருந்து வெளிவந்த டி.என்.ஏயும் சிதைவுகளும். குடுவையைச் சரித்தால் நீர் சற்றுப் பசைத்தன்மையோடு ஓடியது.

இன்னொரு நாள் ஹோலின் பழுதான பேஜ் தொற்றிய கலங்களைப் பார்த்தோம். நேரம் கடந்தும் கலங்கல் குறையவில்லை. குளோரோபோம் ஒரு துளி விட்டு அசைத்தோம். கண்முன்னே தெளிந்தது. கத்தி ஏற்கெனவே உள்ளே குவிந்திருந்தது, குளோரோபோம் மென்சவ்வைக் குலைத்து அதற்கு வழிவிட்டது. ஹோலினின் வேலை என்ன என்பதை அன்றைக்குத்தான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

உடைக்காமல் வெளியேறும் பேஜும் உண்டா?

உண்டு. எம்13 போன்ற நூலுருப் பேஜ்கள் கலத்தைக் கொல்லாமல், மென்சவ்விலேயே உடலைக் கோத்தபடி இடியப்ப உரலிலிருந்து வருவதுபோல நீளமாக வெளியேறும். கொலராப் பற்றீரியாவுக்கு நஞ்சைக் கொடுத்ததும் அப்படியான நூலுருப் பேஜ்தான் என்று வால்டரும் மெக்கலனோசும் 1996இல் காட்டினார்கள். அந்தப் பேஜ் தொற்றாத கொலராக் கிருமிக்கு அந்த நஞ்சு செய்யத் தெரியாது.

வேறு சில, லம்டாவும் அவற்றில் ஒன்று, உள்ளே போய்ப் பற்றீரியாவின் டி.என்.ஏயோடு இணைந்து தலைமுறை தலைமுறையாக அமைதியாக இருக்கும். புற ஊதாக்கதிர் போல டி.என்.ஏக்குச் சேதம் வரும்போது விழித்து உடைக்கும். இது மனிதருக்கும் ஆபத்தாகலாம். ஈ.கோலையின் சில வகைகளில் ஷிகா நஞ்சுக்கான பரம்பரையலகு இப்படி உறங்கும் பேஜில்தான் இருக்கிறது. பேஜ் விழித்துக் கலத்தை உடைக்கும்போதுதான் நஞ்சு வெளியே கொட்டுகிறது. அதனால் இந்தத் தொற்றில் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் நிலைமையை மோசமாக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தால் பரவிய கிருமி இவ்வகை நஞ்சைச் சுமந்தது. 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

தங்கச்சி, எங்கட கிணத்துத் தண்ணியில பேஜ் இருந்தால் அதுவே கிருமியைக் கொண்டுபோடுந்தானே?

அயலில் ஒரு அண்ணா கேட்டது. கங்கை, யமுனைத் தண்ணீரில் கொலராக் கிருமி செத்துப்போகிறது, ஆனால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அந்த ஆற்றல் போய்விடுகிறது என்று ஹாங்கின் என்பவர் 1896இலேயே எழுதினார் என்பதை அவர் எங்கேயோ வாசித்திருக்கிறார்.

அண்ணா, தயவுசெய்து அதை நம்பிக் குடிக்காதீர்கள். குடாநாட்டில் எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை, குடிப்பது நிலத்தடி நீர். எங்கள் நிலம் சுண்ணக்கல், வெடிப்புகள் வழியே மலகூடக் குழியின் நீர் கிணற்றை எட்டுவது எளிது. ஈ.கோலையைத் தாக்கும் பேஜ் ஒரு கிணற்றில் கிடைத்தால், ஈ.கோலை வாழும் இடத்திலிருந்து, அதாவது குடலிலிருந்து, அந்தத் தண்ணீருக்கு வழி இருக்கிறது என்றுதான் பொருள். நீர்ப் பரிசோதனையில் பேஜை மாசின் அடையாளமாகவே தேடுகிறார்கள். மேலும் ஒரு பேஜ் தனக்குரிய பற்றீரியாவை மட்டும்தான் தொடும். தைபோயிட்டுக் கிருமிக்கு அது ஒன்றும் செய்யாது. துணியில் வடிப்பதால் பயனில்லை. கொதிக்க வைத்து ஆறிய நீரைக் குடியுங்கள். மலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் ஒருதரம் அளந்து பாருங்கள்.

சில நாளில் தயிர் உறையாமல் போவதும் இதனாலா?

வீட்டுச் சட்டியில் உறையாமல் போனால் பெரும்பாலும் காரணம் வேறு. பால் சூடாக இருந்திருக்கும், அல்லது உறைமோர் பழையதாக இருந்திருக்கும். ஆனால் பெரிய பாற்பண்ணைகளுக்குப் பேஜ் பெரிய தலையிடி. உறைய வைக்கும் பற்றீரியாவைப் பேஜ் உடைத்துவிட்டால் தொட்டி முழுவதும் பால் புளிக்காமல் நின்றுவிடும். நியூசிலாந்தில் வைற்ஹெட்டும் கொக்சும் 1935இல் இதைக் கண்டார்கள். இவற்றில் பல பேஜ்கள் பாலைப் பாச்சர்முறையில் சூடாக்கினாலும் அழியாது. அதனால் உறைப் பற்றீரியாவை நாளுக்கு நாள் மாற்றி மாற்றிப் பாவிக்கிறார்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண் ஆறவில்லை. பேஜ் மருந்து உண்டா டீச்சர்?

இந்தக் கேள்வி வரும்போது மனம் கனக்கும். முதலில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். புண்ணைச் சுத்தம் செய்வது, சீனியைக் கட்டுக்குள் வைப்பது, மருத்துவர் தரும் மருந்தை முழுக்க எடுப்பது, இவற்றுக்குப் பதிலாக நான் எதையும் சொல்லமாட்டேன். இங்கே எந்தப் பாமசியிலும் பேஜ் மருந்தை நான் கண்டதில்லை.

உலகில் உண்டா என்றால், உண்டு. டெரெல் 1919இலேயே பாரிசில் வயிற்றுளைவுக்குப் பேஜ் கொடுத்தார். ஜோர்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923இல் எலியாவா தொடங்கிய நிறுவகம் இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் 2016இல் எந்த மருந்துக்கும் அடங்காத அசினெற்றோபக்ரர் என்ற பற்றீரியாவின் தொற்றோடு கோமாவில் கிடந்த ரொம் பற்றர்சனுக்கு நாளத்தின் வழியே பேஜ் செலுத்தினார்கள், அவர் பிழைத்தார்.

முழுப் பேஜுக்குப் பதில் கத்தியை மட்டும் மருந்தாக்கும் வழியும் ஆராயப்படுகிறது. கிராம் நேர் பற்றீரியாவுக்கு வெளிமென்சவ்வு இல்லை, ரயர் நேரே வெளியே தெரிகிறது. ஆகவே எண்டோலைசினை வெளியிலிருந்து ஊற்றினாலே போதும், ஹோலின் தேவையில்லை. பிஷெற்றி என்ற ஆய்வாளரின் குழு 2001இல் காட்டியது இது: தொண்டை அழற்சி தரும் ஸ்ரெப்ரோகொக்கசு ஏறத்தாழ 1 கோடியை, 10 நானோகிராம் நொதியம் சில நொடிகளில் அழித்தது. ஆய்வுகூடத்தில் இவ்வளவு வேகமாகச் செய்வது நோயாளியிடத்திலும் அப்படியே நடக்கும் என்றில்லை. எக்சிபகேஸ் என்ற எண்டோலைசின் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை, போதிய பயன் தெரியாததால் 2022இல் நிறுத்தப்பட்டது. ஈ.கோலை போன்றவற்றை வெளியிலிருந்து வெட்டுவது இன்னும் கடினம், வெளிமென்சவ்வு குறுக்கே நிற்கிறது. அவற்றை உடைக்கும்போது வெளிவரும் உள்நச்சு காய்ச்சலையும் அதிர்ச்சியையும் தரலாம் என்பதால் மருந்துப் பேஜை நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும்.

இந்தக் கத்தி எங்கள் கலங்களை வெட்டாதா?

வெட்டாது. எங்கள் கலங்களில் பெப்ரிடோகிளைக்கன் இல்லை. வெட்டுவதற்கு அங்கே ரயரே இல்லை. பேஜுக்கு எங்கள் கலத்தில் பற்றிக்கொள்ள உரிய ஏற்பியும் இல்லை.

பாடசாலையில் செய்துகாட்டக்கூடிய ஏதாவது உண்டா?

பேஜோடு வேண்டாம், ஆனால் அதே மாதிரியான கத்தி எங்கள் எல்லாருடைய கண்ணீரிலும் கோழி முட்டை வெள்ளைக்கருவிலும் இருக்கிறது. லைசோசைம் என்று பெயர். பிளெமிங் 1922இல் கண்டறிந்தது, பெனிசிலினுக்கு ஆறு ஆண்டு முன்பே. ரி4இன் நொதியமும் முட்டையின் லைசோசைமும் அமினோ அமில வரிசையில் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஆனால் முப்பரிமாண மடிப்பைப் பார்த்தால் உறவு தெரியும்.

கடையில் வாங்கிய ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை உப்பு நீரில் கரைத்து வடித்துக்கொள்வேன். ஆய்வுகூடத்தில் கொல்லப்பட்டு உலர்த்தித் தூளாக வரும் மைக்ரோகொக்கசு பற்றீரியாவை இரண்டு சோதனைக் குழாயில் கலங்கலாகக் கரைப்பேன். இரண்டுக்கும் பின்னால் அன்றைய பத்திரிகையின் ஒரு துண்டு. ஒரு குழாயில் வெறும் உப்பு நீர், மற்றதில் வெள்ளைக்கரு நீர் சில துளி. பிள்ளைகள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். முதலில் தலைப்பின் பெரிய எழுத்து நிழல்போலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை குனிந்து, தலைப்பின் கீழிருக்கும் சின்ன எழுத்துச் செய்தியைக் குழாய்க்கூடாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்குவாள். பக்கத்துக் குழாய் அப்போதும் கஞ்சித்தண்ணீர் மாதிரியே நிற்கும்.